கிளாஸ் கழுவ ஒரு குழாய்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

இந்த மடல் டீக்கடைப் பேப்பர் கப்பைப் பற்றியது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் கிடந்த குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலையைப் பார்த்துவரும் உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விடிகாலையில் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். டீக்கடை வாசலில் நசுங்கி, பால் காய்ந்து, சாக்கடை ஓரம் வரை சிதறிக் கிடக்கும் கப்புகளை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுப்பவர் அவர்தான்.

பேப்பர் என்று பெயர் இருந்தாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் டீ ஒழுகாமல் நிற்கிறது. அதே பூச்சினால்தான் அது எளிதில் மக்குவதில்லை. பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போடவும் முடிவதில்லை. 2020-இல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்து, அதில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் கண்டார்கள். டீயை அவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பவர்கள் குறைவு, உண்மைதான். ஆனால் ஆட்டோ ஓட்டுபவரும் மூட்டை தூக்குபவரும் வருஷம் முழுக்க, நாளுக்கு நாலைந்து டீ குடிக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. அப்படியும் கப் ஒழியவில்லை. அவ்வப்போது சோதனை நடக்கிறது, மூட்டை மூட்டையாகப் பறிமுதல் ஆகிறது, அபராதம் விழுகிறது. மறுநாள் அதே கடையில் புதுக் கட்டுப் பிரிக்கிறார்கள்.

ஏன் என்று கடைக்காரரிடம் கேட்டால், தண்ணீர் என்பார். நாலுக்கு ஆறு அடி இடம், ஒரு பாய்லர், இரண்டு குடம் தண்ணீர். கிளாஸ் என்றால் கழுவ வேண்டும். கழுவ ஓர் ஆள் வேண்டும், வடிய வழி வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த கிளாஸை வாடிக்கையாளரும் விரும்புவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு அந்த அருவருப்பு கூடிவிட்டது, அதைக் குறை சொல்லவும் முடியாது. குழாய் இல்லாதவருக்கு அபராதம் மட்டும் போட்டுக்கொண்டே இருப்பதில் நியாயம் இல்லை என்பதே என் வாதம்.

இதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவின் தலைவர் மாநகராட்சி ஆணையர்தான். விற்பனைப் பகுதிகளைக் குறிக்கும்போதே, குடிநீர் வாரியத்தோடு பேசி, பத்துக் கடைகளுக்குப் பொதுவாக ஒரு கழுவுமிடம் அமையுங்கள். குழாய், வடிகால், கிளாஸ்களைக் கொதிநீரில் போட்டெடுக்க ஒரு தொட்டி, இவ்வளவுதான் வேண்டும். கழுவ ஓர் ஆளைக் கடைக்காரர்கள் சேர்ந்து அமர்த்திக்கொள்வார்கள். இது கனவு அல்ல. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் உங்கள் மாநகராட்சியே எவர்சில்வர் தட்டில் சாப்பாடு போட்டு, தட்டைக் கழுவி, மறுபடியும் பரிமாறிக் காட்டியிருக்கிறது. அத்தனை மலிவாக உணவு கொடுத்துக்கொண்டே அதைச் செய்ய முடிந்ததே.

கப்பைப் போலவே ஒழிக்க வேண்டிய ஓட்டல் பார்சல் பிளாஸ்டிக் பை விஷயம் இன்னும் எளிது. தடை வந்த புதிதில் பலர் ஓட்டலுக்குத் தூக்குவாளியோடு போனார்கள். சில கடைகள் அவர்களுக்கு விலையைக் குறைத்தன. பழக்கம் வேர் பிடிப்பதற்குள் தொற்றுக்காலம் வந்து எல்லாம் மறுபடி சாம்பார் பைக்குப் போய்விட்டது. இப்போது பாத்திரத்தை நீட்டினால் சில இடங்களில் ஊழியர் தயங்குகிறார். அளவு தெரியாதே என்பதுதான் அவர் கவலை. கால் லிட்டர், அரை லிட்டர் அளவுக் கரண்டி இருந்தால் அது தீர்ந்தது. பாத்திரம் கொண்டுவருபவரிடம் பார்சல் கட்டணம் வாங்கக் கூடாது, அதைக் கல்லாவின் முன் எழுதி வைக்க வேண்டும் என்று கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது வலியுறுத்துங்கள்.

மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நீலகிரியைக் காட்டுங்கள். 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டு ஓரங்களில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைக்கே திரும்பி வரத் தொடங்கின. பிறகு வேறு மாவட்டங்களும் அந்த முறைக்கு வந்தன.

கடைகளுக்குக் குழாய் வரக் கொஞ்ச காலம் ஆகும், புரிகிறது. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களுக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. அங்கே ஏற்கெனவே சமையற்கட்டும் தண்ணீரும் உண்டு. கூடத்தின் வாடகையோடு முந்நூறு எவர்சில்வர் டம்ளரையும் சேர்த்துக் கொடுங்கள். இலைக்கு இலை வைக்கும் குட்டித் தண்ணீர் பாட்டிலுக்கும் பேப்பர் கப்புக்கும் அங்கே இடமில்லை என்று முன்பதிவுச் சீட்டிலேயே அச்சிடுங்கள். ஐப்பசியில் ஆணை போட்டால் தை முகூர்த்தங்களுக்குள் டம்ளர்கள் வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்