ஞாயிறு அரை மணி!



மழைக்காலம் என்றாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தான். காகிதக் கப்பல் விடலாம். 'இன்று பள்ளிக்கு லீவு' என்று அறிவிப்பார்களா என, காலையிலேயே 'டிவி' முன் உட்காரலாம். ஆனால், இந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களில்தான், டெங்கு காய்ச்சலும் தமிழகத்தில் தலை தூக்குகிறது. 2012ல் திருநெல்வேலி பக்கமும், 2017ல் பல மாவட்டங்களிலும் அது படுத்திய பாட்டை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

டெங்குவைப் பரப்புவது, 'ஏடிஸ் எஜிப்டி' என்ற கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரிகள் இருக்கும். இது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும். இரவில் கொசுவலைக்குள் தூங்கினால் மட்டும் இதனிடம் தப்ப முடியாது. ஏனென்றால், இது பகலில் கடிக்கும். அதிலும் காலையிலும், மாலையிலும் அதிகம். நீங்கள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும், விளையாடுகிற நேரமும் அதுதானே! எனவே, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இந்தக் கொசுவை ஒழிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால், புழு கொசுவாகவே முடியாது!

கொட்டினால் மட்டும் போதுமா? போதாது. முட்டைகள், தண்ணீர் மட்டத்தை ஒட்டிய உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து போனாலும் பல மாதங்கள் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால், பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

'இவ்வளவு சின்ன வேலையால் பெரிய நோயைத் தடுக்க முடியுமா?' என்கிறீர்களா?

கியூபா நாட்டின் ஹவானா நகரில், மஞ்சள் காய்ச்சல் மக்களை வாட்டி வந்தது. 'அதைப் பரப்புவது கொசுதான்' என்று, 1881ல் டாக்டர் கார்லோஸ் பின்லே சொன்னார். பலரும் அதை நம்பவில்லை. 1900ல், வால்டர் ரீட் தலைமையிலான மருத்துவக் குழு சோதித்து, அவர் சொன்னதே சரி என நிரூபித்தது. 1901ல் வீடு வீடாகச் சென்று, தேங்கிய தண்ணீரை அகற்றினர், தொட்டிகளை மூடினர். அந்த ஆண்டே, அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. அப்போது அந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது. அங்கே ஒழிக்கப்பட்ட கொசு எது தெரியுமா? இதே ஏடிஸ்தான்!

நீங்களும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டு நண்பர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த பிளாஸ்டிக் வாளி, பூந்தொட்டியின் அடித்தட்டு, தண்ணீர் டிரம் என, ஒன்று விடாமல் பாருங்கள். பிரிட்ஜின் பின்புறத் தட்டையும், மாடித் தொட்டியையும் அப்பா, அம்மாதான் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை. தொட்டிக்குள் நீங்கள் எட்டிப் பார்க்கவே கூடாது.

காய்ச்சல் வந்தால், பள்ளிக்குப் போக வேண்டுமே என்று மறைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போக வேண்டும். கடையில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள், டெங்கு இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். கஞ்சி, இளநீர் என, நிறையக் குடிக்க வேண்டும்.

இன்னொன்றை, வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்: காய்ச்சல் விட்டதும் டெங்கு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, அடுத்த ஓரிரு நாட்கள்தான் ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, பல் ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது குட்டீஸ்... எதிர் வீட்டு டயரில் பிறந்த கொசுவுக்கு, உங்கள் வீட்டு வாசல் ரொம்ப தூரமில்லை. அதனால், தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அதை நீங்கள் ஆரம்பித்து வையுங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்