மலிவு மாத்திரைக்கு யார் வக்காலத்து?

அங்கீகாரம் பெறாத பழைய மருந்துகளைக் களையெடுக்கும் திட்டத்தை அமெரிக்கச் சுகாதாரத் துறை 2020 நவம்பரில் கைவிட்டது. புதிய நிர்வாகம் 2021 மே மாதம் அந்த முடிவையே ரத்து செய்துவிட்டது. 2006-இல் தொடங்கிய இத்திட்டம் என்ன செய்தது என்பதை நோயாளியின் பக்கம் நின்று ஒருமுறை பார்த்திருந்தால் இந்த அவசரம் வந்திருக்காது. மெபரால் என்ற பெயரில் விற்ற மெஃபோபார்பிட்டாலை எடுத்துக்கொள்வோம். 1935 முதல் வலிப்பு நோய்க்குத் தரப்பட்ட பார்பிட்யூரேட் அது. புதிய மருந்துக்கு முன்அனுமதி கோரும் 1938 சட்டத்துக்கே மூத்தது. முக்கால் நூற்றாண்டு கழித்து, அதற்கும் புது மருந்துக்குரிய விண்ணப்பம் கேட்டார்கள். காப்புரிமை இல்லாத, சிலரே வாங்கும் மாத்திரைக்கு எந்த நிறுவனம் கோடிகளைக் கொட்டும்? லுண்ட்பெக் நிறுவனம் 2012-இல் விற்பனையை நிறுத்தியது.

நிறுவனம் முன்வந்த இடத்தில் நடந்தது இதைவிட அநியாயம். கௌட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகத் தரப்பட்ட கோல்சிசின் மாத்திரை ஒன்று சுமார் 9 சென்ட்டுக்குக் கிடைத்தது. 2009-இல் ஒரு நிறுவனம் சிறிய ஆய்வைக் காட்டி ஒப்புதல் பெற்றது; கூடவே மூன்றாண்டு ஏகபோகமும் பெற்றது. விலை 4.85 டாலர் ஆனது. ஐம்பது மடங்குக்கும் மேல்! மருந்து அதேதான். மற்றவர்களின் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து அகற்றும் வேலையை அரசே செய்து கொடுத்தது. இதற்குப் பெயர் மக்கள் பாதுகாப்பா? நோயாளியின் சட்டைப்பையில் கைவிட அரசு முத்திரையுடன் தரப்பட்ட உரிமம் இது.

1984-இல் அங்கீகாரம் பெறாத ஈ-ஃபெரால் என்ற வைட்டமின் ஈ ஊசியால் சுமார் 40 பச்சிளங்குழந்தைகள் இறந்ததைச் சொல்லி வாயடைப்பார்கள். அது அப்போதுதான் சந்தைக்கு வந்த ஊசி. பல தலைமுறை விழுங்கிய மாத்திரையோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. கல்லீரல் மெபராலை ஃபீனோபார்பிட்டாலாகத்தானே மாற்றுகிறது, அதையே கொடுக்கலாமே என்பார்கள் சிலர். அந்த ஃபீனோபார்பிட்டால் மாத்திரைக்கும் அங்கே முறையான ஒப்புதல் கிடையாது! மேலும், வலிப்பு அடங்கியிருப்பவரிடம் மருந்தை மாற்றுவது சாதாரணமல்ல. பார்பிட்யூரேட்டைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே ஒரு வலிப்பு வந்தாலும் வண்டி ஓட்டும் உரிமை பறிபோகலாம், அதோடு வேலையும். இந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஐம்பதாண்டு கடந்த, காப்புரிமையற்ற மருந்துக்குச் சான்று வேண்டுமென்றால் அரசே தன் செலவில் ஆய்வு நடத்தட்டும். அதைச் செய்யாதவரை ஒரு பழைய மாத்திரையைக்கூட நிறுத்தும் உரிமை அத்துறைக்குக் கிடையாது.