பன்னிரண்டு தோல்வி ஓகே, பதிமூன்று ஆப்சென்ட்?

கூகுள்ல "ஆசியக் கோப்பை"ன்னு தமிழ்ல டைப் பண்ணிப் பாருங்க. கிரிக்கெட்தான் வரும். நான் சொல்ல வர்றது அது இல்ல. ஃபுட்பால் ஆசியக் கோப்பை, 1956ல ஹாங்காங்ல ஆரம்பிச்சது. கண்டத்துக்கே பெரிய போட்டி.

2025 அக்டோபர் 14ஆம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அன்றைக்கே போச்சு. வழக்கம்போல ஹாஸ்டல் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது: "1964ல் ஆசியாவிலேயே இரண்டாவது இடம் பிடித்த இந்தியா இன்று..." அழுகிற எமோஜி மூணு.

அந்த இரண்டாவது இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1964 போட்டி இஸ்ரேலில் நடந்தது. அரசியல் காரணங்களால் பல நாடுகள் விலகிக்கொண்டன. நம்ம தகுதிச்சுற்றிலும் எதிரணிகள் விலகியதால் ஒரு மேட்ச் கூட ஆடாமல் நேராக உள்ளே போனோம். மொத்தம் நாலே நாலு அணி. தென்கொரியாவை 2-0 என்று ஜெயித்தோம், இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றோம், ஹாங்காங்கை 3-1 என்று ஜெயித்தோம். மூணு மேட்ச், வெள்ளி.

இதைச் சொல்லி அந்த டீமைக் கிண்டல் பண்ணலை. தென்கொரியா அப்போ தொடர்ந்து இரண்டு முறை சாம்பியன், அவங்களைத்தான் அடிச்சோம். கேப்டன் சுனி கோஸ்வாமி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அதே தலைமுறை. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நம்ம ஆள். அதிலும் நம்ம மலைக்கு இன்னும் நெருக்கம். குன்னூரிலிருந்து ஊட்டி பஸ்ல போறப்ப வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரைத் தாண்டிப் போறோமே, அந்த எம்ஆர்சி டீமுக்கு ஆடியவர். சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்து பிறகு கோல்கீப்பர் ஆனவர். எம்ஆர்சி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையைத் தூக்கியிருக்கு. நாலு வருஷமா அந்த வழியா போய் வந்தும் எனக்கு இது போன மாசம்தான் தெரியும். வெக்கமாதான் இருந்தது.

ஆனா "பொற்காலம் இருந்தது, பிறகு வீழ்ந்தோம்"ங்கிற கதை ஆசியக் கோப்பைக்குப் பொருந்தாது. 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்த நாடு, அதே வருஷம் நடந்த முதல் ஆசியக் கோப்பைக்குப் போகவே இல்லை. 1960, 1968 தகுதி பெறவில்லை. 1972, 1976, 1980 மூணுக்கும் பேர் கொடுக்கவில்லை, இல்லைன்னா பின்வாங்கிக்கொண்டோம். 1984 சிங்கப்பூரில் நாலு மேட்ச் ஆடி ஒரு கோல் கூட அடிக்கலை, ஆனா ஈரானை 0-0 என்று நிறுத்தினோம். அதுக்கப்புறம் 2011 வரைக்கும் அந்தப் பக்கமே இல்லை.

சுனில் சேத்ரி பிறந்தது 1984 ஆகஸ்ட். அந்த டிசம்பரில் இந்தியா ஆசியக் கோப்பை ஆடும்போது அவருக்கு நாலு மாசம். இந்தியா அடுத்து ஆடிய ஆசியக் கோப்பையில் கோல் அடித்தது அவரே. நடுவில் ஒரு தலைமுறை முழுசா காணோம்.

இதுவரை நடந்தது 18 போட்டி. நாம் போனது 5. மொத்தம் 16 மேட்ச்: 3 வெற்றி, 1 டிரா, 12 தோல்வி. அடித்தது 12 கோல், வாங்கியது 33. எல்லாரும் அந்தப் பன்னிரண்டு தோல்வியைப் பார்த்துத்தான் தலையில் அடிச்சுக்கறாங்க. எனக்கு உறுத்துறது வராத பதிமூன்று. அரியர் வச்சவங்களுக்குத் தெரியும், எழுதி ஃபெயில் ஆனவனுக்கு எந்த யூனிட்ல போச்சுன்னாவது தெரியும். ஹாலுக்கே போகாதவனுக்கு அதுவும் தெரியாது.

ஜோர்டானை எடுத்துக்கோங்க. அவங்க முதல் ஆசியக் கோப்பை 2004. நாம் வெள்ளி வாங்கி நாற்பது வருஷம் கழிச்சு. அவங்களும் இதுவரை ஆடியது நம்மளை மாதிரியே ஐந்து முறைதான். ஆனா அந்த ஐந்தையும் இருபது வருஷத்துக்குள்ள ஆடிட்டாங்க, நாம் அறுபது வருஷத்துல பரப்பி வச்சிருக்கோம். 2015ல் முதல் சுற்றோடு வெளியே போனாங்க, 2019லும் திரும்ப வந்தாங்க, 2024 பிப்ரவரியில் ஃபைனலே ஆடினாங்க. இப்போ 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றாச்சு. பணம் கொட்டுற பெரிய நாடும் இல்ல.

ரூம்மேட் ஒருத்தன் கேட்டான், "போய் நாலு கோல் வாங்கிட்டு வர்றதுல என்னடா இருக்கு?" நியாயமான கேள்விதான். 2011ல் மூணு மேட்ச்ல 13 கோல் வாங்கினோம். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, மூணு பேரிடமும் தோல்வி, நம்ம கணக்கில் பூஜ்யம் கோல். பொங்கல் லீவுல வீட்ல எல்லாரையும் உட்கார வச்சு ஆஸ்திரேலியா மேட்ச் போட்டேன். இடைவேளை வரைக்கும் 0-0. அப்பா கூட "பரவாயில்லையே"ன்னார். அப்புறம் அவர் எழுந்து போயிட்டார்.

ஆனா நடுவுல ஒரு 2019 இருக்கு. அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். 1964க்கு அப்புறம் ஆசியக் கோப்பையில் முதல் வெற்றி. தாய்லாந்து கோச்சுக்கு மறுநாளே வேலை போச்சு. கடைசி லீக் மேட்ச்ல பஹ்ரைனிடம் 90 நிமிஷம் தாண்டி ஒரு பெனால்டி வாங்காம இருந்திருந்தா அடுத்த சுற்று. அன்னிக்கு டிராவுக்கு ஆடினது தப்புன்னு இன்னிக்கும் சொல்வேன், அது வேற சண்டை. தாய்லாந்து மேட்ச்ல இரண்டு கோல் அடித்தது சேத்ரி, 34 வயசுல. 2011ல் அந்த அடியெல்லாம் வாங்கினப்ப அவருக்கு 26. நடுவுல 2015க்கு நாம் தகுதி பெறலை. நல்லா ஓடுற வயசுல கற்றுக்கொண்டதைக் காட்ட அவருக்கு மேடையே இல்லை. 2025ல் ஓய்விலிருந்து நாற்பது வயசுல திரும்பக் கூப்பிட்டோம்.

இப்பவும் அதேதான் நடக்குது. 2025 செப்டம்பரில் வழக்கமா தொடங்குற ஐஎஸ்எல், ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி நேரத்துக்குத் தொடங்கவே இல்லை. லீக் ஆடாத கால்களோட அக்டோபரில் சிங்கப்பூரைச் சந்தித்தோம். நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடமும் 0-1. இதுக்குக் கிரிக்கெட்டைத் திட்டி என்ன பிரயோஜனம்? லீக் தேதியைக் கிரிக்கெட் போர்டு வைக்கலையே.

2027ல் 24 அணிகள் ஆடுது. பதினாலாவது ஆப்சென்ட் விழுந்தாச்சு. அடுத்த சான்ஸ் 2031, அப்போ நான் எங்க வேலையில இருப்பேனோ. ஜனவரி 2027ல் சவுதியில் போட்டி தொடங்கும்போது லேப்டாப்பில் ஜோர்டான் மேட்ச் போட்டுட்டு உட்காரப் போறேன். கூட யாராவது வர்றீங்களா?