பூனையையும் கணக்குல சேருங்க

ஐப்பசி பிறந்தாச்சு. டிவியில காற்றழுத்தத் தாழ்வுன்னு சொன்னாலே எங்க வேதாரண்யம் பக்கத்து ஜனங்களுக்கு 2018 ஞாபகம் வந்துடும். நவம்பர் 16 விடியக்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதான் கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காற்று. தென்னை போன கதையை எல்லாரும் எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது வேற.

முதல் நாளே முகாமுக்கு வரச்சொல்லி மைக்குல சொல்லிட்டுப் போனாங்க. மாடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டி, கயிற்றை அவிழ்த்து விட்டாச்சு. வீட்டுல ரெண்டு பூனை, கருப்பியும் அவ குட்டியும். "இதுகளை விட்டுட்டு நான் வரலீங்க"ன்னு என் வீட்டம்மா உட்கார்ந்துட்டாங்க. கருப்பியைப் பிடிச்சு சாக்குல போடுறதுக்குள்ள என் கையெல்லாம் கீறல். குட்டி பரண்ல எங்கேயோ ஒளிஞ்சுக்கிச்சு. எவ்வளவு கூப்பிட்டும் வரல. இருட்டுறதுக்குள்ள கிளம்பணும், கிளம்பிட்டோம்.

முகாம் வாசல்ல, "மனுஷனுக்கே இடமில்ல, பூனையா?"ன்னார் ஒருத்தர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கைக்குழந்தைங்க படுத்திருந்துச்சு. ராத்திரி முழுக்க மாடிப்படிக்கு அடியில சாக்கும் நானுமா உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து வீட்டு ஆச்சி வரவே இல்ல. நாலு ஆடு வச்சிருந்தாங்க. சுவர் சரிஞ்சு இடுப்பு முறிஞ்சுது. அன்னையிலேருந்து கோல் ஊனித்தான் நடக்கிறாங்க.

"கிராமத்து ஆளுங்க சொன்னா கேட்கமாட்டாங்க"ன்னு நகரத்துல சுலபமா பேசிடுறீங்க. அது பிடிவாதம் இல்லீங்க. ஆச்சிக்கு அந்த ஆடுதான் பேங்க், அதுதான் பேச்சுத்துணை. அமெரிக்காவுல 2005ல கத்ரீனா புயல் வந்தப்பவும் நாய் பூனையை விட்டுட்டு வரமாட்டோம்னு நிறைய பேர் வீட்டிலேயே இருந்துட்டாங்க. அடுத்த வருஷமே, வெளியேற்றும் திட்டத்துல வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கணும்னு அங்கே சட்டம் போட்டாங்க. பிராணியைக் காப்பாத்தினாத்தான் மனுஷன் வருவான்னு அவங்களுக்குப் புரிஞ்சுது.

நமக்குப் பெரிய செலவு வேண்டாம். முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பறையை ஆடு, பூனைக்குன்னு ஒதுக்கினாப் போதும். மைக்குல கூப்பிடும்போதே "ஆட்டையும் கூட்டிட்டு வாங்க"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லட்டும். ஆச்சி வந்திருப்பாங்க.

நம்ம பங்கும் இருக்கு. காற்று கிளம்பிட்டா பூனை கைக்குச் சிக்காது. முதல் நாளே ஒரு அறையில அடைச்சுடணும். மூடி போட்ட கூடை, பழைய துணி, கொஞ்சம் கருவாடு தயாரா இருக்கணும். கொண்டுபோகவே முடியலைன்னா கட்டியும் போடாதீங்க, பூட்டியும் வைக்காதீங்க. அதுவா தப்பிக்க ஒரு வழி விடுங்க.

குட்டி கிடைக்கவே இல்ல. கருப்பி நாலு நாள் இடிஞ்ச பரண் பக்கம் போய்க் கத்திக்கிட்டே இருந்தா.

இந்த வருஷம் மூடி போட்ட கூடை ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். முகாம்ல அதை வைக்க இடம் கொடுப்பாங்களான்னுதான் தெரியல.