மக்னா ஏன் நடந்தது? ரேடியோ காலர் சொல்லாத பதில்

2023 பிப்ரவரி 5. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் பயிர்களைச் சேதப்படுத்தி வந்த மக்னாவை (தந்தம் இல்லாத ஆண் யானை) வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. ரேடியோ காலர் மாட்டி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் டாப்சிலிப் பகுதியில் விட்டது.

பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. அதே மாதம் காட்டைவிட்டு இறங்கி, பொள்ளாச்சி வழியாகக் கோவை மதுக்கரை வரை வந்துவிட்டது. மறுபடி பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். ஜூலை 31-ல் பொள்ளாச்சி அருகே சரளபதியில் மூன்றாவது முறை பிடிபட்டது.

ஏன் இறங்கி வந்தது? ஊர் ஞாபகமா, பயிர் ருசியா, புது இடத்துப் பயமா? எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று காலர் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

எலிகளிடம் கிடைத்த பதில்

எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, அதன் நடமாட்டத்தையும் கூடவே பதிவுசெய்கிறார்கள். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஒப்பிட்டால், குறிப்பிட்ட இடத்துக்கு எலி வரும்போது மட்டும் குறிப்பிட்ட செல் துடிப்பது தெரியும். 1971-ல் ஜான் ஓ’கீஃப் இதை வெளியிட்டார். 2005-ல் மோசர் தம்பதி தூரத்தை அளக்க உதவும் செல்களைக் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு.

ஆனால் இரண்டும் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதனால் 2020-ல் லண்டன் விஞ்ஞானிகள் இன்னொரு படி போனார்கள். சுண்டெலிக்குப் பரிசு கிடைக்கும் இடத்துக்கான செல்களை ஒளியால் தூண்டினார்கள். வேறு இடத்தில் இருந்தபோதே, பரிசு இடத்தில் இருப்பது போல அது நக்க ஆரம்பித்தது.

யானைக்கு?

காட்டில் அலையும் யானையின் மண்டைக்குள் மின்முனை வைப்பது நடக்கிற காரியமில்லை. நம் கையில் இருப்பது நடத்தைப் பதிவு மட்டும்தான். அதையாவது முழுசாகப் படிக்க வேண்டும். காலர் காட்டும் பாதையோடு அறுவடைக் காலம், தண்ணீர் இருப்பு, பழைய வழித்தடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஏன்’ என்பதற்கு ஓரளவாவது பதில் கிடைக்கும்.

அது இல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை மக்னா காட்டிவிட்டது. பாலக்கோடு விவசாயியின் கவலை சரளபதி விவசாயியின் தலையில் இறங்கியது. யானைக்கு ஆறே மாதத்தில் மூன்று முறை மயக்க ஊசி. அடுத்த யானையைப் பிடிப்பதற்கு முன்பாவது ‘ஏன்’ என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.