வீடற்றோர் கணக்கும் விடுபட்டோர் கணக்கும்

குண்டூர் நாட்டில் வீடு சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, வயதான அம்மா ஒருவர் தம்முடைய இரண்டு வீடுகளையும் நமக்குக் காட்டினார். ஒன்று அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டியது. கான்கிரீட் கூரை போட்டாகிவிட்டது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, தரை பூசவில்லை. உள்ளே இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. அதை ஒட்டிப் பழைய புல் வேய்ந்த மண் குடிசை. சமைப்பதும் படுப்பதும் அதில்தான். "கூரை போட்ட அன்னிக்கு செல்போன்ல படம் எடுத்துட்டுப் போனாங்க சாமி. வீடு முடிஞ்சதுன்னு எழுதிட்டாங்களாம்" என்றார். குறை சொல்லும் குரலில்கூட அல்ல, செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த அம்மா எந்தக் கணக்கில் வருகிறார்? அரசின் பதிவேட்டில் வீடு பெற்றவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிசையும் ஒரு வீடுதான். ஆகவே அவர் வீடற்றவர் அல்லர். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படி, கோவில் மண்டபம், இரயில் நிலைய மேடை ஆகிய இடங்களில் படுத்திருப்பவர்களையே கணக்கெடுப்பு வீடற்றோர் என்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு அவ்வாறு எண்ணியபோது நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2021-இல் நடக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அதை நடத்த 2025 ஜூன் மாதத்தில்தான் அறிவிக்கை வந்தது. இடையில் வகுத்த திட்டங்களுக்கெல்லாம் அந்த ஓரிரவுக் கணக்கே அடிப்படை.

கொல்லிமலையில் தெருவில் படுப்பவர் அரிது. ஆனால் மலையில் வேலை இல்லாத மாதங்களில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் செல்லும் நம் பிள்ளைகள் நகரத்தில் எங்கே படுக்கிறார்கள்? கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில், லாரிப் பட்டறையில், பேருந்து நிலையத்தில். ஊர்க் கணக்கில் அவர்களுக்கு வீடு உண்டு. நகரத்தின் கணக்கில் அவர்களே இல்லை. ஆகையால் நகரங்கள் வீடற்றோருக்கு எப்படிச் செலவிடுகின்றன, அதை எப்படிக் கணக்கு வைக்கின்றன என்பது மலைமேல் இருக்கும் நமக்கும் உரிய கேள்வியே.

2010-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக, பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவு விடுதி வேண்டும் என்று வலியுறுத்தியது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு நிதி வழி வகுத்தது. கட்டுவதற்கு மத்திய, மாநில அரசுகள் பங்கு தரும். நடத்துவதற்கு, 50 பேர் தங்கும் ஒரு விடுதிக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வரையறுத்தது. அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. பிறகு உள்ளாட்சி தன் சொந்த வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய். காவலர் சம்பளம், மின்சாரம், பாய், போர்வை, கழிவறைச் சுத்தம் எல்லாம் அதற்குள். ஒரு மனிதரை ஓரிரவு மழையில் நனையாமல் காக்க அது போதலாம். அவரைத் தெருவிலிருந்து மீட்க எப்படிப் போதும்?

அந்த 33 ரூபாயும் ஒழுங்காய்ச் சேரவில்லை. மத்திய அரசு ஒதுக்கிய பணம் மாநிலங்களில் செலவாகாமல் கிடப்பதைக் கண்ட உச்சநீதிமன்றம், அதன் காரணத்தை ஆராய 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குளிரில் மனிதர் கிடக்க, கணக்கில் பணம் கிடந்தது. இதைவிட வேதனையான ஒரு வரவு செலவு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

சென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற பல நகரங்களோடு ஒப்பிட்டால் அது நன்றாகவே செய்திருக்கிறது. மாநகராட்சி ஏறத்தாழ ஐம்பது விடுதிகளைத் தொண்டு நிறுவனங்களின் வழியாக நடத்திவந்துள்ளது: பெண்களுக்குத் தனி, சிறுவருக்குத் தனி, மனநலம் குன்றியோருக்குத் தனி. அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்து தங்குவோருக்கும் விடுதிகள் உண்டு. வெளியூர் நோயாளியோடு சென்னைக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கில் 66 லட்சத்துக்கும் மேல். லட்சத்துக்கு ஒன்று என்றால் 66 விடுதிகள் வேண்டும். எட்டும் தூரம்தான்.

எனினும் நம் உறுத்தல் எண்ணிக்கையில் அல்ல. எத்தனை விடுதி, எத்தனை படுக்கை, எவ்வளவு பணம் விடுவித்தோம், செலவுச் சான்றிதழ் வந்ததா: இவற்றையே எல்லா அரசுகளும் எழுதி வைக்கின்றன. படுக்கையில் படுத்தவர் யார், ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார், மீண்டும் நடைபாதைக்கே வந்துவிட்டாரா என்பதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. ஒரே மனிதர் நூறு இரவு படுத்தாலும், நூறு பேர் ஓரிரவு படுத்தாலும் கணக்குத் தாளில் நூறு நூறுதான்.

மலையிலும் இதே கதைதான், வேறு உருவத்தில். 2016-இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் தொகை கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு புகைப்படம் ஏற்ற வேண்டும். நடுவில் நின்று கைநீட்டியவர்களை இது ஓரளவு விலக்கியது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் வேலை முடிந்த பிறகே பணம் என்றால், முடிப்பதற்கு முன்பணம் யார் தருவது? சிமெண்டும் கம்பியும் மணலும் 70 வளைவுகள் ஏறி வரவேண்டும். கடன் வாங்க வழியுள்ளவர் கட்டிமுடிக்கிறார். இல்லாதவர் கூரையோடு நிறுத்துகிறார். 2024-25-இல் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. தொகை கூடியது நல்லதே. அதற்கும் சொந்தப் பட்டா வேண்டும். பட்டா இல்லாத குடும்பம் பட்டியலிலேயே ஏறாது. பட்டியலில் ஏறாதவரைச் சேர்க்காமல் வெற்றி விழுக்காட்டைக் கணக்கிடுவது எளிது.

பின்லாந்து நாட்டில் 1987 முதல் ஆண்டுதோறும் வீடற்றோரை எண்ணுகிறார்கள். இடமின்றி உறவினர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பவரையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அன்று 17,000-க்கும் மேல் இருந்தவர்கள் 2023-இல் 3,429 ஆனார்கள். விடுதிப் படுக்கையைப் பெருக்கி அல்ல, முதலில் நிலையான வீட்டையே கொடுத்து, பின்பு குடிநோய், கடன், வேலை ஆகியவற்றைக் கவனித்து அதைச் சாதித்தார்கள். 2024-இல் அந்த எண் 3,806 ஆக உயர்ந்தது. உயர்ந்ததையும் வெளியிட்டார்கள். பணக்கார நாடு, சிறிய நாடு, நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். எண்ணிச் சொல்வதற்கு அவ்வளவு செல்வம் வேண்டியதில்லை.

அதே 1987, ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோருக்கென அறிவித்த ஆண்டு. அந்த டிசம்பரில் நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்பதே அதன் தலைப்பு. கேள்வி அரசுக்கு மட்டும் அல்லவே. 2017 முதல் வறியோர் உலக நாளைக் கொண்டாடுகிறோம். எத்தனை உணவுப் பொட்டலம், எத்தனை போர்வை என்று பங்கு அறிக்கையில் எழுதுகிறோம். ஒருவர் பெயரையாவது எழுதினோமா? பெயர் எழுதப்படுவதற்காகவே பெத்லகேமுக்குப் பயணமான யோசேப்பும் மரியாவும் தங்க இடமின்றி நின்றதை ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக்கும் குடிலாகக் கட்டிப் பார்ப்பவர்கள் நாம்.

அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினோம். வேலைக்குக் கீழே போயிருப்பவர்கள் யார், எந்த ஊரில், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். முதல் நாளே பதினோரு பெயர் வந்தன. நான்கு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்கே தெரியவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குக் கதவும் நிலையும் போட என்ன ஆகும் என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறோம். அளவெடுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.