ஒரு பழைய ஜீப்பை எவ்வளவு உயர்த்தலாம்?

போன சனிக்கிழமை மருமகன் வீட்டு வாசலில் ஒரு சுசூகி சமுராய் நின்றது. 1990ஆம் ஆண்டு வண்டி. அவனைவிட அதற்கு வயசு கூட. இந்தியாவில் மாருதி ஜிப்சி என்று ஓடியதும் இதன் உடன்பிறப்புத்தான்.

"மாமா, இதை உயர்த்தப் போறன். நீங்கள் ஊரிலை கராச்சிலை வேலை செய்தனீங்கள்தானே. எப்பிடி உயர்த்துறது எண்டு சொல்லுங்கோ" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹம்பேர்க் எல்லைக்குள் ஆக உயரமான இடமே ஹார்பூர்க் பக்கம் இருக்கும் ஹாஸல்பிராக் மேடுதான். 116 மீற்றர். அந்தக் காட்டுக்குள்ளும் வாகனம் விட ஏலாது. காசு கட்டி ஓடுகிற பழைய மணல் குழிகளுக்குப் போகப் போகிறானாம். சரி, ஆசைப்படட்டும். ஆனால் உயர்த்தும் வழியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதல் வழி, சட்டத்துக்கும் உடலுக்கும் இடையில் கட்டை வைத்து உடலை மட்டும் தூக்குவது. மலிவு. பெரிய ரயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சட்டமும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். நீட்டிய போல்ட்டுகளில் பாரம் ஏறும். ஸ்ரியரிங் தண்டையும் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிறிங் தகட்டைச் சட்டத்தோடு தொடுக்கும் சக்கிளை நீளமாக்குவது. ஐந்து சென்ரிமீற்றர் நீட்டினால் ஏறுவது ஏறக்குறைய இரண்டரைதான். சமுராயில் முன் சக்கிள் முன்பக்கம் இருப்பதால் அச்சு சரிந்து காஸ்டர் கோணம் குறையும். வேகமான வீதியில் வண்டி அலையும்.

மூன்றாவது, அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிறிங்கை அச்சுக்கு மேலே மாற்றுவது. பத்து சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். ஆனால் அச்சில் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். ஸ்ரியரிங் தண்டு, பிறேக் குழாய் எல்லாம் மாற வேண்டும்.

நாலாவது, வளைவு கூடிய புது ஸ்பிறிங்கும் அதற்கேற்ற ஷொக் அப்சோபரும். செலவு கூட. உயர்வு நாலைந்து சென்ரிமீற்றர்தான்.

மருமகனுக்கு மூன்றாவதில்தான் கண். படத்தில் அதுதான் வடிவாம். நான் நாலாவது என்றேன். பயந்தாங்கொள்ளி மாமா என்று நினைத்திருப்பான். அதனால் அவனுக்கு ஒரு கதை சொன்னேன்.

83க்கு முந்திய காலம். நான் கராச்சில் கையாள். ஒரு பழைய லாண்ட் றோவருக்கு இரும்புப் பட்டை வெட்டி நீளமான சக்கிள் செய்தோம். வெல்டிங் வைத்தது நான்தான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பரந்தன் பூநகரி வீதியில் பின் சக்கிள் வெட்டி, அச்சு ஒருபக்கம் இழுத்து, வண்டி வயலுக்குள் கவிழ்ந்தது. சாரதி அண்ணையின் வலது கை பிறகு நேராக நிமிரவே இல்லை. அவர் என்னை ஒரு சொல் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

உயரம் கூடக் கூட வண்டி கவிழும் ஆபத்தும் கூடும். உயர்த்தாத சமுராயையே 1988இல் அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகை ஒன்று கவிழக்கூடியது என்று எழுதியது. சுசூகி 1996இல் வழக்குப் போட்டு, 2004இல்தான் சமரசம் ஆனது. யார் சரி என்பது இருக்கட்டும். குட்டையும் ஒடுக்கமுமான வண்டியை இன்னும் பத்து சென்ரிமீற்றர் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சின் நடுவில் தொங்கும் டிபரென்ஷியல் கல்லில் இடிக்காமல் இருக்க எந்த ஸ்பிறிங்கும் உதவாது. அதை உயர்த்துவது ரயர் மட்டும்தான். ரயரின் விட்டம் நாலு சென்ரிமீற்றர் கூடினால் டிபரென்ஷியல் இரண்டு உயரும். நாலாவது வழி அந்த ரயருக்கு வேண்டிய இடத்தைத் தரும். மணல் குழிக்கு அது போதும்.

அடுத்தது பத்திரம். ஆபத்து உண்டாக்கக்கூடிய மாற்றம் செய்தால் வண்டியின் ஓட்ட அனுமதியே இல்லாமல் போகும் என்கிறது ஜேர்மன் வீதிச் சட்டம். ஆய்வறிக்கையோடு வரும் ஸ்பிறிங் என்றால் டூஃப் பரிசோதகர் பார்த்துப் பதிந்து கொடுப்பார். வெல்டிங் வைத்த அச்சுக்குத் தனிப் பரிசோதனை, தலையிடியும் தனி. 30 வருடம் தாண்டிய வண்டிக்குக் கிடைக்கும் எச் இலக்கத் தகடும், வருடம் 191 யூரோ 73 சதம் என்ற நிரந்தர வரியும் அந்தக் காலத்துக்கு ஒவ்வாத மாற்றம் செய்தால் கைவிட்டுப் போகலாம்.

"சும்மா ஓடினால் ஆருக்குத் தெரியும் மாமா?" என்றான். இங்கே பிறந்த பிள்ளை. டுல்டுங் கடுதாசியை நீட்டிக்க விடியற்காலையில் கந்தோர் வாசலில் நின்றவன் நான். பத்திரம் இல்லாமல் வீதியில் போகிறவன் ஒவ்வொரு பொலிஸ் காரைக் கண்டும் எப்படி நடுங்குவான் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கிய வண்டிக்கு ஏன் அந்த நடுக்கம்?

ஊரில் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சனம் நாங்கள். அது கெட்டித்தனம்தான், வேறு வழியில்லாத கெட்டித்தனம். வழி இருக்கும்போதும் அப்படித்தான் செய்வேன் என்று நிற்பது கெட்டித்தனம் இல்லை.

நேற்றுத் தொலைபேசி எடுத்தான். ஸ்பிறிங்குக்கு ஓடர் கொடுத்துவிட்டானாம், அறிக்கையோடு. வந்ததும் நானும் ஸ்பனரோடு போவேன். வெல்டிங் மெசினை மட்டும் தொடமாட்டேன்.